நாற்பது வீட்டுக் காகிதமும் உங்கள் வீட்டுக் காகிதமும்

கேள்வி:

என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார், 16 வருடம் சர்வீஸ் ஆகிறது. இப்போது குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாத ஃபீல்டு ஏரியாவில் இருப்பதால் நானும் இரண்டு பிள்ளைகளும் வேலூர் பக்கத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறோம். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு மிலிட்டரி வீடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு பென்ஷன் நின்றுவிட்டது. உயிர்வாழ் சான்று கொடுக்காததுதான் காரணம் என்று கண்டுபிடித்து என் போனிலேயே போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து ஆரம்பித்தது. இன்றைக்கு நாற்பது வீட்டுக்கு நான்தான் ஸ்பர்ஷ் (ராணுவ ஓய்வூதிய இணையதளம்) பார்க்கிறேன், இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டுக்கு விண்ணப்பிக்கிறேன், மனு எழுதுகிறேன். ஒரு நோட்டில் எல்லாருடைய பிபிஓ (ஓய்வூதிய ஆணை) நம்பர், ஆதார், பாஸ்வேர்டு எழுதி வைத்திருக்கிறேன். காசு வாங்குவதில்லை. போன மாதம் ஒரு அக்காவின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது, கல்யாணம் ரெக்கார்டில் ஏறவில்லையாம். கோபத்தில் ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டேன். நான் யார் என்று தெரியட்டும் என்று இவருடைய யூனிட், இருக்கும் இடம் எல்லாம் போட்டேன். மறுநாளே இவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். பதிவை எடுத்துவிட்டேன். ‘இனிமே இந்த வேலையே வேணாம்’ என்கிறார். அத்தையோ ‘ஊரான் வீட்டு வேலைக்கு உன்னை யாரு கூப்பிட்டா’ என்கிறார். சங்கமாகப் பதிவு செய்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்று ஒருவர் சொல்கிறார். இன்னொன்று, யாரிடமும் சொல்லாதது: இறந்துபோனவர் பெயரை விண்ணப்பத்தில் எழுதும்போதெல்லாம் இவர் பெயரை எழுதுகிற மாதிரி கை நடுங்குகிறது. நான் நிறுத்திவிடவா?

– வேலூர் மாவட்ட வாசகி

பதில்:

நிறுத்தாதீர்கள் சகோதரி. செய்யும் விதத்தை மாற்றுங்கள், அதிலும் சில விஷயங்களை இந்த வாரமே.

படைவீரர் குடும்பங்களின் ஓய்வூதிய வழக்குகளைத்தான் நான் இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன். என்னிடம் வருகிற கட்டுகளில் பாதிக்குமேல், ஊரில் உங்களைப்போல ஒருத்தர் பத்து வருடத்துக்கு முன்னால் இருந்திருந்தால் வக்கீல் வரைக்கும் வந்தே இருக்காது. அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதற்கப்புறம்தான் அந்த நோட்டை நினைத்து வயிறு கலங்கியது.

முதலில் ஃபேஸ்புக் விவகாரம். உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, சங்கம் சேர்வது, கூட்டத்தில் கலந்துகொள்வது, பத்திரிகைக்கு எழுதுவது ஆகியவற்றில் படையில் இருப்பவருக்குக் கட்டுப்பாடு போட அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி விதிகளும் இருக்கின்றன. ஆனால் அது அவருக்கு. ஊரில் இருக்கும் நீங்கள் அந்தச் சட்டத்துக்குள் வருபவர் இல்லை. ஒரு குடிமகளாக மனு கொடுக்கவும், தகவல் கேட்கவும், தவறு நடந்தால் தவறு என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு, ‘மிலிட்டரிக்காரர் பொண்டாட்டி பேசக் கூடாது’ என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆனால் நீங்கள் அவருடைய யூனிட்டையும் இருக்கும் இடத்தையும் போட்டது வேறு விஷயம். அது உரிமைப் பிரச்சினை இல்லை, அவருடைய உயிரும் அவரோடு இருக்கிற மற்றவர்கள் உயிரும் சம்பந்தப்பட்டது. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து எடுக்கச் சொல்லி ராணுவம் உத்தரவு போட்டது ஏன் என்று அவரைக் கேளுங்கள், சொல்வார். போதாததற்கு 1923ஆம் வருட அரசு ரகசியச் சட்டம் நமக்கும் பொருந்தும். யூனிட் பெயர், இடம், எப்போது நகர்கிறார்கள், எப்போது லீவு என்று எதையும் இனி எங்கேயும் எழுதாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில்கூட. அவரிடம் இதை நேராகச் சொல்லுங்கள்: “இடத்தைப் போட்டது என் தப்பு, இனி போட மாட்டேன். ஆனா அந்த அக்காவுக்கு மனு எழுதுறது தப்பு இல்லை, அதை விட மாட்டேன்.” இரண்டையும் பிரித்துச் சொன்னால் புரிந்துகொள்வார். இப்போது அவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, அதனால்தான் மொத்தமாக வேண்டாம் என்கிறார்.

இன்னொரு விஷயம். முகநூலில் கோபமாக எழுதியதில் அந்த அக்காவின் விண்ணப்பம் ஒரு மேசையாவது நகர்ந்ததா? நகர்ந்திருக்காது. நம் நாட்டில் படைவீரர் குடும்பங்களுக்காகக் குரல் கொடுத்து விதியையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பாருங்கள். 1971 போர் முடிந்த மறுவருடமே டெல்லியில் மோகினி கிரி போர் விதவைகளுக்கென்று ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். பெங்களூரில் சுபாஷினி வசந்த், கணவர் கர்னல் வசந்த் வேணுகோபால் 2007இல் காஷ்மீரில் உயிர்நீத்த பிறகு, தன்னைப் போன்ற மற்ற பெண்களுக்காக வசந்தரத்னா அறக்கட்டளையைத் தொடங்கினார். அப்புறம் இது, பலருக்குத் தெரியாது: வீரதீர விருது பெற்ற வீரர் இறந்தால் அவர் மனைவிக்கு மாதாமாதம் ஒரு படி உண்டு, மறுமணம் செய்தால் அது நின்றுவிடும், ஆனால் இறந்தவருடைய அண்ணனையோ தம்பியையோ கட்டிக்கொண்டால் மட்டும் தொடரும் என்று 2017 நவம்பர் வரைக்கும் விதி இருந்தது. யோசித்துப் பாருங்கள், புருஷனைப் பறிகொடுத்த பெண் யாரைக் கட்ட வேண்டும் என்பதை ஒரு விதி முடிவு செய்தது. பல பக்கத்திலிருந்தும் முறையீடு போய்த்தான் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை நீக்கியது. அதே 2017இல், உயிர்நீத்த வீரர்களின் பிள்ளைகளுக்கான கல்விச் சலுகைக்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். எதிர்ப்பு வந்தது, அப்போது கடற்படைத் தளபதியாக இருந்த அட்மிரல் சுனில் லாம்பாவே எடுக்கச் சொல்லி எழுதினார், 2018 மார்ச்சில் எடுத்தார்கள். எந்த விதி, யாருக்கு என்ன பாதிப்பு, என்ன மாற்ற வேண்டும் என்று காகிதத்தில் கேட்கும்போது பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை வருகிறது.

உங்கள் அளவில் அந்தக் காகிதம் எங்கே போக வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கே நேரில் போய், மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். முன்னாள் படைவீரர்களுக்கென்று கலெக்டர் நடத்தும் குறைதீர் கூட்டம் அவ்வப்போது வரும். தனி மனுவாக இல்லாமல், ஒரே பிரச்சினை உள்ள ஐந்து வீட்டு மனுக்களைச் சேர்த்துக் கொண்டு போங்கள், ஒன்றை ஒதுக்குவதுபோல ஐந்தை ஒதுக்க முடியாது. அடுத்து, அந்தந்த ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் வைத்து, அந்த மனைவியின் பெயரிலேயே, ‘என் இன்ன தேதி மனுவின் மேல் என்ன நடவடிக்கை’ என்று கேட்கச் சொல்லுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘தகுதி இல்லை’ என்று எழுத்தில் நிராகரித்தால் மேல்முறையீட்டுக்குப் பொதுவாக 6 மாதம்தான். அந்தக் கடிதத்தைப் பீரோவில் வைத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து என்னிடம் எடுத்து வருகிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். கடைசியில் படையினர் தீர்ப்பாயம், சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் வீர் பரிவார் சகாயதா என்ற திட்டத்தை அறிவித்திருக்கிறது, படைவீரர் நல வாரிய அலுவலகங்களிலேயே இலவசச் சட்ட உதவி மையம் வைப்பதற்கு. உங்கள் மாவட்டத்தில் எந்த நாளில் வக்கீல் உட்காருகிறார் என்று கேட்டு வையுங்கள்.

நிராகரிப்புக் கடிதத்தை முழுக்கப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பென்ஷன் வந்துவிட்டது என்றாலும் எந்த வகை என்று பாருங்கள். சர்வீசில் இறந்தவருக்குச் சாதாரண குடும்ப ஓய்வூதியம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் (முதலில் சில வருடம் 50 சதவீதம்). பணியின் காரணமாக இறந்தார் என்று ஏற்றுக்கொண்டால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். போர், எல்லைச் சண்டை போன்றவற்றில் என்றால் 100 சதவீதம். இறப்பை எந்தத் தலைப்பில் எழுதினார்கள் என்ற ஒரு வரிதான் 30க்கும் 60க்கும் நடுவில் இருக்கிறது, அந்த வரியை அந்தப் பெண்ணுக்குப் படித்துக் காட்டியவர் பெரும்பாலும் யாருமே இல்லை.

இப்போது அந்த நோட்டு. தயவுசெய்து அதிலிருக்கும் பாஸ்வேர்டு பக்கங்களை எரித்துவிடுங்கள். கிழித்துப் போடுவதல்ல, எரிப்பது. உங்கள் மேல் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஆனால் நாளைக்கு நாற்பது வீட்டில் ஒரு வீட்டில் பணம் காணாமல் போனால், அது எவனோ போனில் ஏமாற்றி எடுத்ததாக இருந்தாலும், முதலில் உங்கள் பெயரைத்தான் சொல்வார்கள். காசு வாங்காமல் செய்த இரண்டு வருடமும் அன்றைக்கு உங்களுக்கு எதிராகவே பேசும், ‘காசே வாங்காம எதுக்குச் செஞ்சா?’ என்று. இனி ஒவ்வொருவரையும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள், அவர்களுடைய போனில், அவர்கள் கையால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து. ஓடிபி வந்தால் அவர்களே வாசித்து அவர்களே போடட்டும். கண் தெரியாத ஆயாவுக்குப் பேரனோ பேத்தியோ வரட்டும். யாரும் இல்லாதவரை பொது சேவை மையத்துக்குக் கூட்டிப் போங்கள், ஸ்பர்ஷ் வேலையை அங்கே பார்க்கிறார்கள். உயிர்வாழ் சான்றை முகத்தைக் காட்டியே போனில் போட்டுவிடலாம். அதை இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால் தெருவுக்கு இரண்டு பேர் தயார். அப்புறம், ‘நிலுவை வாங்கித் தருகிறேன், இத்தனை பர்சன்ட் கொடு’ என்று எழுதி வாங்கும் ஏஜென்ட் உங்கள் ஊருக்கும் வந்திருப்பார். இனி வரப்போகும் பென்ஷனை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பது 1871ஆம் வருட ஓய்வூதியச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி செல்லாது. இதை எல்லாரிடமும் சத்தமாகச் சொல்லுங்கள்.

சரி, அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு அம்மா என்னிடம் வந்தார். மஞ்சள் பையிலிருந்து லேமினேட் செய்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேசை மேல் வைத்தார். ஓரத்தில் மஞ்சள் தடவியது பழுப்பாக மாறி அப்படியே உள்ளே மூடிக்கிடந்தது. அவர் கணவர் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் வந்து, கட்டிக்கொண்டு, திரும்பிப் போய், யூனிட்டில் கல்யாணத்தைப் பதிவு செய்யவே இல்லை. நாளைக்குக் கொடுக்கலாம் என்று இருந்திருப்பார், நடுவில் போஸ்டிங் மாறியிருக்கும். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, மூன்று பிள்ளை பெற்று, பேரனையும் பார்த்துவிட்டுத்தான் இறந்தார். ராணுவ ரெக்கார்டில் மட்டும் அவர் கடைசி வரை பிரம்மச்சாரி. ‘இருபத்தெட்டு வருசம் குடித்தனம் பண்ணேன், நான் யாருன்னு கோர்ட்டு சொல்லணுமாம்’ என்றார் அந்த அம்மா. சொல்ல வைத்தோம். மாவட்ட முன்சீப் கோர்ட்டில் உரிமை அறிவிப்பு வழக்கு போட்டு, ரேஷன் கார்டு, பிள்ளைகள் பிறப்புச் சான்று, ஊர்ப் பெரியவர்கள் சாட்சி என்று எல்லாம் வைத்து, நிலுவையோடு பென்ஷன் வந்தது. ஆனால் நடுவில் மூன்று வருடம் போனது, அந்த மூன்று வருடமும் அவர் நூறு நாள் வேலைக்குப் போனார்.

இதையெல்லாம் தடுக்கக்கூடிய காகிதத்தின் பெயர் பார்ட் டூ ஆர்டர், யூனிட் வெளியிடும் பதிவு உத்தரவு. கல்யாணம், பிள்ளை பிறப்பு, இறப்பு, எல்லாம் அதில் வெளியாகி ரெக்கார்டில் ஏற வேண்டும். ஏறினாலும் எழுத்து சரியாக இருக்க வேண்டும், நம் பக்கம் பெரிய தலைவலியே இதுதான். வீட்டில் விஜயா, பள்ளிச் சான்றிதழில் விஜயலட்சுமி, ஆதாரில் இனிஷியல் பின்னால், ரெக்கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரே மனைவியின் பெயராக ஏறியிருக்கும், பிறந்த தேதி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. அவர் உயிரோடு சர்வீசில் இருக்கும்போது இதைத் திருத்துவது, யூனிட் கிளார்க்கிடம் ஒரு விண்ணப்பம், கூட நகல்கள், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். அவர் போன பிறகு அதே எழுத்தைத் திருத்துவது மூன்று வருட வழக்கு.

ஆகவே அந்த அக்காவுக்கு: மறுபடியும் அதே விண்ணப்பத்தை நாலாவது தடவை அனுப்பாதீர்கள். திரும்பி வந்த மூன்று கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மேலே சொன்ன சட்ட உதவி மையத்துக்கோ ஒரு சிவில் வக்கீலிடமோ போகட்டும். அது உங்கள் வேலை இல்லை, வக்கீல் வேலை. உங்கள் வேலை, உங்கள் ஊரில் அடுத்து இப்படி ஒரு அக்கா வராமல் பார்ப்பது. இப்போது சர்வீசில் இருப்பவர்களின் மனைவிமார் எத்தனை பேர் உங்கள் தெருக்களில் இருக்கிறார்கள்? அவர்களை ஒருநாள் உட்காரவைத்து, ஆதார், பிள்ளைகள் பிறப்புச் சான்று, பார்ட் டூ ஆர்டர் நகல் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடச் சொல்லுங்கள். ஓய்வு பெற்று வந்தவர் வீட்டில் டிஸ்சார்ஜ் புக்கையும் பிபிஓவையும் பாருங்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் லீவில் வருகிறவர்களை விடாதீர்கள், திரும்பிப் போகும்போது பையில் திருத்த விண்ணப்பமும் போக வேண்டும். அக்னிவீர் வீடுகள் தனி. அவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, 48 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு, கல்யாணம் ஆகாத பையன்கள் என்பதால் நாமினி யார் என்பதை அம்மா அப்பா தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சங்கம் இப்போதைக்கு வேண்டாம். தமிழ்நாட்டில் 7 பேர் இருந்தால் பதிவு செய்யலாம், சிரமம் இல்லை. அதன் பிறகு வருடா வருடம் கணக்கு, தணிக்கை, பொதுக்குழு, யார் தலைவர் என்ற சண்டை. ‘பதிவு செய்தால் யாரும் கேட்க முடியாது’ என்பது தலைகீழ், பதிவு செய்தால்தான் எல்லாரும் கேட்பார்கள். உங்களோடு நம்பகமான நாலு பெண்கள் சேரட்டும், ஒரு வருடம் ஓடட்டும், பிறகு பார்க்கலாம். வீட்டுக்காரருக்குப் பீஸ் ஸ்டேஷன் (குடும்பத்தோடு இருக்கக்கூடிய இடம்) கிடைத்து நீங்களும் கூடப் போனால், அங்கே ராணுவ மனைவியர் நலச் சங்கத்தின் கூட்டங்கள் நடக்கும், 1966இலிருந்து இருக்கிற அமைப்பு. அங்கே கணவரின் ரேங்க்கைப் பார்த்து நாற்காலி வரிசை அமைகிறது என்று பல பெண்கள் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். பின் வரிசையில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, எழுந்து இந்த எழுத்துப் பிழை விஷயத்தைக் கேளுங்கள். எந்த மாநிலத்துப் பெண்ணுக்கும் இது பொதுவான தலைவலி, கைதூக்க ஆள் வரும்.

அத்தை கேட்பதையும் நான் தள்ளிவிட மாட்டேன். இரவு பத்து மணிக்குப் போன் வந்தால் எந்த வீட்டிலும் முகம் சுளிப்பார்கள். சனிக்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணி வரை என்று வையுங்கள், வீட்டுத் திண்ணையில் வேண்டாம், கோயில் மண்டபமோ பள்ளிக்கூடமோ பாருங்கள். மற்ற நேரம் சாவுச் செய்தி, ஆஸ்பத்திரி இரண்டுக்கு மட்டும் போன். அந்தச் சனிக்கிழமைக்கு அத்தையையும் ஒருநாள் கூட்டிப் போங்கள். அவர் மகனை எல்லைக்கு அனுப்பிவிட்டு 16 வருடமாக இருப்பவர், அங்கே வந்து உட்காரும் ஆயாக்களோடு பேச அவருக்கு நிறைய இருக்கும்.

கை நடுங்குவதைப் பற்றி. அதை எழுதியதற்கு நன்றி. ஃபீல்டில் இருக்கும் கணவரிடமிருந்து மூன்று நாள் போன் வரவில்லையென்றால் எந்தப் பெண்ணுக்கும் மனசு எங்கெங்கோ போகும், நீங்களோ அதே மூன்று நாளும் இன்னொருத்தியின் கணவருடைய இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இறப்பு சம்பந்தப்பட்ட விண்ணப்பங்களை ஆறு மாதத்துக்கு வேறு ஒருவர் எழுதட்டும், நீங்கள் உயிரோடு இருப்பவர்களின் பதிவைத் திருத்தும் வேலையைப் பாருங்கள். தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்காமல் போனால் 14416க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநலச் சேவை அது. தமிழில் பேசலாம். 2023 டிசம்பரிலிருந்து படையினருக்கும் குடும்பங்களுக்கும் அதில் தனிப் பிரிவே இருக்கிறது. யூனிட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், நீங்கள் பேசுவது உங்கள் விஷயம்.

கடைசியாக ஒரு கேள்வி. நாற்பது வீட்டுக் காகிதமும் உங்களுக்கு மனப்பாடம். உங்கள் கல்யாணம் எந்த நம்பர் பார்ட் டூ ஆர்டரில் வெளியானது, உங்கள் இரண்டாவது பிள்ளையின் பெயர் அதில் எப்படி இருக்கிறது, தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த நடுக்கத்தால்தான் நீங்கள் அந்தப் பக்கமே போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு ராத்திரி அவர் கூப்பிட்டால், சண்டை எதுவும் வேண்டாம், உங்கள் ஆதாரையும் பிள்ளைகள் பிறப்புச் சான்றையும் ஒரு தாளில் அப்படியே எழுத்துக்கூட்டி எழுதி வைத்துக்கொண்டு, அவரை அவருடைய கிளார்க்கிடம் கேட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். நாற்பத்தோராவது வீடாக உங்கள் வீட்டையும் அந்த நோட்டில் சேர்த்துவிடுங்கள், பாஸ்வேர்டு இல்லாமல்.